நாலு மணி ‘சரி சிஸ்டர்’

விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி ரூமில் தூங்கும் டாக்டரைப் போனில் எழுப்பி, பதினாலாம் கட்டில் பாட்டிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டால், உடனே பதில் வரும்: “சரி சிஸ்டர்.” கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் அதற்குள் போனை வைத்திருப்பார். காலையில் விசாரித்தால், “நீங்க எனக்குப் போனே பண்ணலையே” என்பார். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. உண்மையிலேயே நினைவில்லை.

வட ஆர்க்காட்டில் பிறந்து, இந்த வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளிலேயே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த சிஸ்டர் ஒருவர் இந்த ‘சரி’யைப் பற்றி எச்சரித்தார். “குரல்தான் முழிச்சிருக்கும், ஆள் முழிச்சிருக்க மாட்டாங்க. எழுந்து உட்காரச் சொல்லு, லைட்டைப் போடச் சொல்லு, அப்புறம் கேளு.” கட்டில் நம்பர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் டாக்டர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்காமல் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சில டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பினால் மூளை முழுதாக வேலைக்கு வர நேரம் பிடிக்கும் என்று பின்னாளில் படித்தேன். சாதாரணமாகப் பதினைந்து நிமிடம், அரைமணி நேரம் அந்த மந்தம் இருக்கும். ஏற்கெனவே தூக்கம் பாக்கியுள்ளவர் என்றால் இன்னும் மோசம். அதுவும் உடல் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் எழுப்பினால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில்தான் வார்டில் மூச்சுத்திணறலும் வலிப்பும் வருகிறது. இன்சுலின் எத்தனை யூனிட் என்ற கேள்வியும் அப்போதுதான் வருகிறது. நாலு யூனிட்டுக்கும் நாற்பது யூனிட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுழி.

இரவில் மருத்துவமனையில் யாராவது விழித்திருக்கத்தான் வேண்டும். அதை மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. வேலூர்க்காரர்கள் யாருக்குமே இல்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படிக்கப் போனதே ஒரு ராத்திரியால்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். படித்து முடித்து 1900இல் திரும்பி வந்த ஐடா, ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. இன்று காட்பாடி ஸ்டேஷனில் எந்த நேரத்தில் இறங்கினாலும் வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த நோயாளிகள் ஸ்கேன் கவரோடு நிற்கிறார்கள். இந்த ஊர் ராத்திரியிலும் இயங்குகிற ஊர்.

ஆகவே யாராவது விழித்திருக்க வேண்டுமா என்பதல்ல கேள்வி. நேற்று முழுக்க விழித்திருந்தவரேதான் இன்றைக்கும் விழித்திருக்க வேண்டுமா என்பதுதான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சரியாகத் தெரியாது. ‘நைட் டியூட்டி’ என்றால் பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு வேலைக்கு வருவது என்று நினைக்கிறார்கள். நர்ஸுகளுக்கு அப்படித்தான். டாக்டர்களுக்கு, அதிலும் பி.ஜி. எனப்படும் மேற்படிப்பு படிக்கிறவர்களுக்கும் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் பயிற்சி டாக்டர்களுக்கும் வேறு கணக்கு. ஒரு சீஃப்பின் கீழ் வேலை செய்யும் டாக்டர் குழுவுக்கு யூனிட் என்று பெயர். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் டே, அதாவது புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் நாள், உண்டு. அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு ஓ.பி.யில் உட்காருவார்கள். மதியம் இரண்டு மணிக்கு எழுந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வார்டுக்கு வருவார்கள். சாயங்காலத்திலிருந்து கேஷுவாலிட்டியில் வரும் கேஸ் ஒவ்வொன்றாக மேலே ஏறும். பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், நெடுஞ்சாலையில் லாரி இடித்தவர். இரவு முழுக்க அதுதான். விடிந்ததும் எல்லாக் கட்டிலுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணிக்குச் சீஃப் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார். நேற்று வந்த ஒவ்வொரு கேஸையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ரவுண்ட்ஸ் முடிந்தால் அதில் சொன்ன வேலைகள்: ஸ்கேன் ரூமில் போய்த் தேதி கேட்டுக் கெஞ்சுவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. எல்லாம் முடிய இரண்டாம் நாள் மாலை நாலு, ஐந்து, சில நாள் எட்டு மணி ஆகிவிடும். முப்பத்தாறு மணி நேரம் என்பது யாரும் ஊதிப் பெரிதாக்கிச் சொல்வதல்ல.

தூக்கமின்மையை நான் பார்த்தது கேஸ் ஷீட்டில்தான். இரவு பதினோரு மணிக்கு எழுதிய குறிப்பு மணி மணியாக இருக்கும். இரண்டு மணிக் குறிப்பில் எழுத்து சாய ஆரம்பிக்கும். நாலரை மணிக்கு ஒரு வார்த்தை பாதியில் நின்று, அதிலிருந்து பேனா கோடு ஒன்று கீழே இறங்கிப் பக்கத்தின் ஓரம் வரை போயிருக்கும். உட்கார்ந்தபடியே, கண் திறந்திருக்கும்போதே, சில விநாடிகள் மூளை அணைந்துபோன அடையாளம் அது. நேற்றைய தேதியைப் போட்டிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை நேற்று இன்னும் முடியவில்லையே. ஒரே மருந்தைக் கம்பெனிப் பெயரில் ஒருமுறையும் மருந்துப் பெயரில் ஒருமுறையும் எழுதியிருப்பார்கள். இதையெல்லாம் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் நைட் டியூட்டி நர்ஸ்தான். எந்த அறிக்கையிலும் இது ஏறாது.

எழுத்தில் தெரியாத ஒன்று கோபம். பகலில் நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுகிற பையன், விடிகாலையில் “உள்ளே வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது” என்று கத்துவான். வெளியே வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் குடியாத்தத்துக் கிழவிக்கு அவன் முப்பது மணி நேரமாக நிற்கிறான் என்பது தெரியாது. “இன்னாம்மா இந்த டாக்டரு இப்டி கத்தினு கீறாரு” என்று என்னிடம் வந்து கேட்பாள். மருத்துவமனையில் நடக்கும் பல அடிதடிகள் இப்படி ஒரு கத்தலில் ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் ஒரு நர்ஸின் அனுபவம்தானே என்று தள்ளிவிடலாம். அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1997இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண், மூளை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதித்த அளவே 0.03தான். நெடுஞ்சாலையில் போலீஸ் ஊதச் சொன்னால் பிடிபடுகிற நிலையில் இருக்கும் ஒருவரை நாம் ஐ.சி.யூ.வில் மருந்து எழுத விடுகிறோம்.

2004இல் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பயிற்சி டாக்டர்களை இரண்டு விதமான ரோஸ்டரில் (டியூட்டி நேரப் பட்டியலில்) வேலை செய்ய வைத்துக் கூடவே ஆள் நிறுத்திக் கவனித்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய ரோஸ்டரில் கடுமையான மருத்துவப் பிழைகள், சுருக்கப்பட்ட ரோஸ்டரைவிட 35.9 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, நீண்ட டியூட்டி முடித்து வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகும் பயிற்சி டாக்டர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்றது. அங்கே கார். இங்கே பைக், எதிரே ஆம்பூர் லெதர் ஏற்றிய லாரி.

ஊசி குத்திக்கொள்வதும் அப்படித்தான். நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலில் ஏறுவது இரவிலும், நீண்ட டியூட்டிக்குப் பிறகும் கூடுகிறது என்று 2006இல் எழுதினார்கள். 1986இல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்துத்தான் நம் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வேலை செய்த நர்ஸுகளுக்கு, விரலில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தால் வயிற்றில் என்ன செய்யும் என்பது தெரியும். அடுத்த பல வாரங்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதில் மோசமான விஷயம், தூக்கம் கெட்டவருக்குத் தன் நிலை தெரிவதில்லை என்பது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களை அமெரிக்காவில் சோதித்தபோது, அவர்களின் கவனம் ஓரிரு இரவுகள் முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்கள் தங்களுக்குப் பழகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். “எனக்குப் பழக்கம் சிஸ்டர்” என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! டீயும் காபியும் அந்த நினைப்பை வளர்க்கத்தான் உதவும். இரவு ஒரு மணிக்குக் குடித்த காபியில் பாதி விடியும்வரை உடம்பில் இருக்கும். காலையில் கிடைக்கிற இரண்டு மணி நேரத் தூக்கத்தையும் அது கெடுக்கும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், ஏ.சி. இல்லாத ஹாஸ்டல் ரூமில் பகல் தூக்கம் எப்படி வரும் என்பது வேறு கதை.

உலகம் இதைப் பேச ஆரம்பித்தது ஒரு சாவுக்குப் பிறகுதான். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். அவள் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதோடு சேரக்கூடாத பெதிடின் ஊசி போடப்பட்டது. பார்த்துக்கொண்ட பயிற்சி டாக்டரின் பொறுப்பில் அன்றிரவு இன்னும் பல பத்து நோயாளிகள். விடிந்த கொஞ்ச நேரத்தில் அவள் இறந்துபோனாள். அவளுடைய அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலத்தில் வாரம் 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. 2003இல் வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் ஆனது. ஐரோப்பாவில் சராசரி வாரம் 48 மணி நேரம்.

நம் நாட்டில் விதி இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவைவிட நல்ல விதி. 1992 ஜூன் 5இல் மத்திய சுகாதார அமைச்சகம் பி.ஜி. உள்ளிட்ட ரெசிடென்ட் டாக்டர்களுக்காக ஓர் உத்தரவு போட்டது. சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லை, வாரம் ஒருநாள் விடுமுறை. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. 2023இல் மருத்துவ மேற்படிப்புக்கு வந்த புதிய விதிகளில் எண் எதுவும் இல்லை. ‘நியாயமான’ வேலை நேரம், ‘நியாயமான’ ஓய்வு என்று மட்டும் இருக்கிறது. எது நியாயம் என்பதை ரோஸ்டர் போடுகிறவர் முடிவு செய்துகொள்ளலாம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், நீண்ட டியூட்டிக்கு நடுவே படுக்க இடமில்லாமல் செமினார் ஹாலில் ஓய்வெடுத்த பி.ஜி. மாணவி கொல்லப்பட்டபோதுதான், டாக்டர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்ற கேள்வியே நாட்டுக்கு எழுந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒன்று, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒரு 24 மணி டியூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி, ஒருநாள் விடுமுறை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் 1992இல் 48 என்று எழுதியது 32 வருடம் கழித்து 74 ஆகியிருக்கிறது. அதற்கே கைதட்டினோம்.

என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அவருக்கு 1948ஆம் வருடச் சட்டம்: நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். ‘சி’ ஷிப்ட் முடிந்து மாற்றாள் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் பதறுவார். தொழிலாளி மேல் இரக்கம் மட்டும் இல்லை. ஓவர்டைம் கணக்கில் ஏறும், மிஷினில் கை போனால் கேஸ் ஆகும். நான் வார்டுக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: “அந்தப் பசங்களுக்கு ஓவர்டைம் யார் எழுதறா?” யாரும் எழுதுவதில்லை. எழுதினால் செலவு கண்ணில் படும். பட்டால் கூடுதல் ஆளை எடுப்பதே மலிவு என்று ஏதாவது ஒரு கிளார்க்காவது கண்டுபிடித்துவிடுவார். பயிற்சி டாக்டரின் மூன்றாவது ஷிப்ட் இலவசம் என்பதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை வருடம் ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பெரிய டாக்டர்களிடம் பேசினால் வேறு பதில் வரும். “நாங்க எல்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டோம்.” இந்தப் பயிற்சி முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை நிபுணர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கோகெயினுக்கும் பிறகு மார்பினுக்கும் அடிமையாக இருந்தவர் என்பதை இந்த இடத்தில் சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. நோயாளி ராத்திரி எப்படி மாறினார் என்பதைக் கூடவே இருந்து பார்க்காமல் பாடம் வராது. கை மாறும்போது விஷயம் கொட்டிப்போகும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் ஆறு குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில் நீண்ட டியூட்டியை நீக்கிப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. பிழை குறையவில்லை, கூடியிருந்தது. நீண்ட டியூட்டியே வேண்டும் என்பவர்கள் கைதட்டிக் காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் உள்ளே படித்தால், நேரம் குறைந்த இடங்களில் ஒவ்வொரு டாக்டர் தலையிலும் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அதைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. ஆளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் வெட்டினால் இப்படித்தான் ஆகும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, எந்த வார்டு சிஸ்டரும் சொல்லியிருப்பார்.

நோயாளிகள் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. டாக்டர் என்றால் தெய்வம் என்று கும்பிடுவோம், தெய்வத்துக்குத் தூக்கம் எதற்கு? பள்ளிகொண்டாவுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், அங்கே ரங்கநாதரே படுத்துத்தான் இருக்கிறார். ராத்திரி டாக்டர் அரைமணி நேரம் கண்ணை மூடினால் செல்போனில் படம் எடுத்து ‘டியூட்டி நேரத்தில் தூக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அந்த அரைமணித் தூக்கம்தான் அடுத்த அட்மிஷனைக் காப்பாற்றுகிறது. சில பி.ஜி.க்கள் லைட்டை அணைக்கவே பயப்படுகிறார்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நான் இருந்த ஒரு யூனிட்டில் சீஃப் துணிந்து ஒரு மாற்றம் செய்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு பி.ஜி., இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மட்டும். பகலில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. எட்டு மணிக்கு நர்ஸ் மேஜையைச் சுற்றி நின்று பகல் ஆட்கள் கட்டில் கட்டிலாக ஒப்படைப்பார்கள். அதற்கு ஒரு தாள் அச்சடித்தார்: நோய் என்ன, இன்றிரவு என்ன ஆகக்கூடும், அப்படி ஆகிவிட்டால் முதலில் என்ன செய்வது. இப்படி வரிசையாக ஒப்படைக்கும் முறையை ஒன்பது மருத்துவமனைகளில் பழக்கியபோது பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் வந்த ஆய்வை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். சிஸ்டரும் அந்த வட்டத்தில் நிற்க வேண்டும் என்றார். அதுவரை எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

முதல் சில நாள் குழப்பம். ரவுண்ட்ஸ் பாடம் போகிறது, ஆபரேஷன் பார்க்க முடியவில்லை என்று இரவு பி.ஜி.க்கள் முணுமுணுத்தார்கள், அது நியாயமான குறைதான். சீஃப் காலை ரவுண்ட்ஸை அரைமணி முன்னுக்குத் தள்ளி, இரவு வந்த கேஸ்களை முதலில் பார்த்துவிட்டு அவரை அனுப்பினார். கேஸ் ஷீட்டில் நாலரை மணி எழுத்தும் படிக்கிற மாதிரி இருந்தது. நான் போன் செய்தால், “சிஸ்டர், எத்தனை யூனிட் போயிருக்கு இதுவரைக்கும்?” என்று அவரே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார், மூன்றாம் வருடம் இருவர் பரீட்சைக்குப் போனார்கள். மீதி இருந்த ஆட்களை வைத்து இரவுக்குத் தனியாக ஒருவரை ஒதுக்க முடியவில்லை. இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று சீஃப் மேலே எழுதினார். இருக்கிற ஆட்களை வைத்துச் சமாளிக்கும்படி பதில் வந்தது. அதை அவர் ரோஸ்டர் ஒட்டும் பலகையில் குத்திவைத்தார். சில நாளில் யாரோ எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் சிஸ்டரிடம் விசாரித்தேன். அச்சடித்த தாளில் மிச்சம் இருந்ததை எழுதிப் பார்க்கும் காகிதமாக்கிவிட்டார்களாம். யூனிட்டுக்கு அட்மிஷன் டே செவ்வாய்க்கிழமை. புதன் சாயங்காலம் வரை அதே ஆட்கள்தான்.